சட்டி வைக்காத கிறிஸ்மஸ்

டிசம்பர் பிறந்தால் என் மகள் என்னைவிடக் கிழவியாகிவிடுகிறாள். போனில் குரலே வேறாக இருக்கிறது. அப்பார்ட்மென்ட்டில் எல்லார் வீட்டுக்கும் கேக் டப்பா கொடுக்க வேண்டுமாம். பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் யாருக்கோ ரகசியமாகப் பரிசு வாங்க வேண்டுமாம். மாமியார் வீட்டு வாட்ஸப் குழுவில் போன வருடத்துக் குடிலைவிடப் பெரிய குடில் காட்ட வேண்டுமாம். "ஏன்டி இத்தனை பாடு?" என்று கேட்டால், "நீங்கல்லாம் அந்தக் காலத்துல ஜாலியா இருந்துட்டீங்க, உனக்கு இன்னா தெரியும்" என்கிறாள்.

நம் வயதுக்காரர்களே, நீங்களே சொல்லுங்கள். ஜாலியாகவா இருந்தோம்? நாம் இருந்திருக்கலாம், நம் அம்மாக்கள் இருந்தார்களா? மூட்டுவலித் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு இப்படி வந்து உட்காருங்கள். எங்கள் வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்காமல் வந்த ஒரு கிறிஸ்மஸைச் சொல்கிறேன்.

செங்கல்பட்டில் ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் எங்கள் தெரு. அப்பாவுக்குத் தண்டவாள வேலை. அவருடைய அப்பா காலம் வரைக்கும் எங்கள் குடும்பத்தில் எல்லாரும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள்தான். மாதம் பிறந்தால் சம்பளம் என்று வாங்கிய முதல் ஆள் அப்பா. அதனால் அவர் நடையிலேயே கொஞ்சம் விறைப்பு இருக்கும். எதிர்சாரியில் இருந்தவர்கள் கருங்குழிப் பக்கம் நிலம் வைத்திருந்த விவசாயக் குடும்பங்கள். நெல் வியாபாரம், லாரி என்று டவுனுக்கு வந்து வீடு கட்டியவர்கள். தீபாவளிக்கு அவர்கள் தட்டு எங்கள் வீட்டுக்கு வரும், கிறிஸ்மஸுக்கு எங்கள் தட்டு அவர்கள் வீட்டுக்குப் போகும். தட்டுதான் வரும், போகும். ஆட்கள் வாசற்படியோடு சரி.

அந்தத் தட்டுக்காகத்தான் அம்மா அப்படி உழைத்தாள் என்பது இப்போது புரிகிறது. அதிரசத்துக்கு அரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, ஈரம் போவதற்குள் உரலில் இடிப்பாள். முறுக்கு, சோமாசு, கல்கல் எல்லாம் வரிசையாக வரும். ஜன்னல் இல்லாத சமையலறையில் கடலை எண்ணெய்ப் புகை நாள்கணக்கில் நிற்கும். ஒரு வருடம், எங்கள் அதிரசத்தை எதிர்வீட்டுக் கன்றுக்குட்டி மென்றுகொண்டிருந்ததை நானும் அம்மாவும் சேர்ந்தே பார்த்தோம். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "கன்னுக்குட்டியாவது ருசி பாத்துத் துன்னுதே, வுடு" என்றாள் அம்மா. அடுத்த வருடம் அதிரசத்தில் இன்னும் கொஞ்சம் ஏலக்காய் தட்டிப் போட்டாள்.

அம்மா கல்யாணத்துக்கு முன்னால் பாடியவள். திருவிடந்தைக்குப் பக்கத்தில், கடலோரச் சவுக்குத் தோப்பு ஒன்றில் அவளுடைய அப்பா காவல்காரர். அந்த ஊர்ச் சின்ன வேதக்கோயிலில் அம்மா பாடினால் வெளியே வலை காயப்போடுகிறவர்கள்கூட நின்று கேட்பார்களாம். இதெல்லாம் கேள்விதான். நாங்கள் கேட்டதில்லை, அப்பாவும் கேட்டதில்லை. பெண் பார்க்கப் போன அன்றைக்கு அவருக்கு டியூட்டிக்குத் திரும்புகிற அவசரம். செங்கல்பட்டுக் கோயிலில் மற்ற ஞாயிறுகளில் அம்மா கூட்டத்தோடு கூட்டமாகப் பாடுவாள். தனியாக ஒருவர் எழுந்து பாடுவது கிறிஸ்மஸ் விடியற்கால ஆராதனையில் மட்டும்தான் உண்டு. அதற்குள் புகை அவள் தொண்டையைத் தின்றிருக்கும். நான் சொல்லப்போகும் கிறிஸ்மஸுக்கு முந்தின வருடம் கோயில் பாட்டு வாத்தியார் அவளைக் கூப்பிட்டே விட்டார். எழுந்து வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. உட்கார்ந்தவள் பிரசங்கம் முடிகிறவரை தூங்கினாள். காதுக்குப் பின்னால் மாவு ஒட்டியிருந்தது. ஆண்கள் பக்கத்திலிருந்து அப்பா கனைத்துக் கனைத்துப் பார்த்தார்.

நான் சொல்கிற வருடம், நவம்பர் கடைசியில் பாட்டு வாத்தியார் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"இந்த வருசமும் தனிப்பாட்டு உன்னுதுதான்மா. ஆனா இதான் கடைசி. வரிசையில சின்னப் பொண்ணுங்க நிக்குது. எத்தினி வருசம் நான் ஒருத்திக்காக எடம் புடிச்சி வெக்கறது?"

அவர் போன பிறகு அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே, அப்பாவை நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாள்.

"நான் இந்த வருசம் சட்டி வெக்க மாட்டேன்."

"இன்னா, வெளையாடறியா? எதிர்சாரில நாலு பேரு இன்னா நெனைப்பாங்க?"

"இன்னா வேணா நெனைக்கட்டும். எனக்குப் பாடணும்."

அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "அப்ப ஸ்டாரும் கெடயாது. சுண்ணாம்பும் கெடயாது. எல்லாத்தயும் வுட்டுத் தள்ளு" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். இப்படிச் சொன்னால் அம்மா இறங்கி வருவாள் என்று அவர் கணக்குப் போட்டிருப்பார். அம்மா "செரி" என்றாள்.

அந்த டிசம்பர் மாதிரி ஒரு டிசம்பரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சாயங்காலம் அம்மா எங்களோடு உட்கார்ந்திருந்தாள்! உங்களுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. எங்களுக்கு அவள் மடி காலியாகக் கிடைத்ததே அதிசயம். நானும் தம்பியும் மாற்றி மாற்றிப் படுத்துக்கொள்வோம். தாழ்ந்த குரலில் பாட்டை ஒவ்வொரு வரியாகப் பழகுவாள். பழைய காலண்டர் தாளில் தம்பி ஆடு மாடு வெட்டி ஒட்டினான், ஒட்டகம் என்று அவன் காட்டியதை நாங்கள் ஆடு என்றே எடுத்துக்கொண்டோம். புதுத்துணி உண்டு, ஒன்றே ஒன்று. தையற்காரரிடம் போய்ச் சண்டை போடுகிற வேலை இல்லை. பலகாரம் இல்லாதது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். முறுக்கு வாசனை வராத வீடு எனக்கு யாரோ வீடு போல இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா எங்களைத் தாத்தாவிடம் கூட்டிப்போனாள். திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் வரை ஒரு பஸ், அங்கிருந்து கடலோரமாக இன்னொன்று. டிசம்பர் மாதத்தில் அம்மா பஸ் ஏறியது அதுதான் முதல் முறையாக இருக்க வேண்டும். தோப்புக்குள் சவுக்கு முள் உதிர்ந்து மெத்தையாகக் கிடந்தது. தாத்தாவுக்கு மழைக்காலத்திலிருந்து விடாத இருமல். நடுவில் கொஞ்ச நாள் எங்கள் வீட்டில் வந்து தங்கியபோது அவர் இருமிய இருமலை எதிர்சாரி முழுக்கக் கேட்டிருக்கும். மத்தியானம் நாங்கள் மணலில் நண்டு துரத்திக்கொண்டிருந்தோம். அம்மா புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் நின்று பாடினாள். அலைச் சத்தத்தைத் தாண்டி அந்தக் குரல் வந்தது. எங்களைக் கூப்பிட்டு அதட்டுகிற குரலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. எனக்கு அம்மாவைப் பார்க்கவே கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

தாத்தா இருமலை அடக்கிக்கொண்டு கேட்டார். பிறகு, "அந்தக் கொரலு இன்னும் கீதா? உன் வூட்டுக்காரன் ரயில்ல ஏத்தி எங்கியோ அனுப்சிட்டான்னு இல்ல நெனச்சேன்" என்றார். அம்மா சிரித்தாள். கிறிஸ்மஸுக்குத் தானே வருவதாகத் தாத்தா சொல்லி எங்களைப் பஸ் ஏற்றிவிட்டார்.

அடுத்த வாரம் தெரு அடிபம்பில் அந்தப் பேச்சு நடந்தது. நான் குடத்தோடு பக்கத்திலேயே நின்றேன். எதிர்வீட்டம்மா பம்பை அடித்துக்கொண்டே கேட்டாள்.

"உங்க பண்டிக வந்துட்ச்சே. எப்போ சட்டி வெக்கிற?"

"இந்த வருசம் நாங்க சட்டி வெக்கலம்மா."

எதிர்வீட்டம்மா பம்புக் கைப்பிடியை விட்டுவிட்டாள். "அடப்பாவமே! எப்போ?"

"போன மாசமே."

"ஒரு வார்த்த சொல்லவே இல்லியே?"

"இதுல இன்னாம்மா சொல்றது கீது. இப்பத்தான் மனசுக்கு நிம்மதியா கீது."

எதிர்வீட்டம்மா அம்மாவை ஒரு மாதிரிப் பார்த்தாள். "ஆமாமா, ரொம்ப இழுத்துகினு இருந்தா கூட இருக்கறவங்களுக்கும் கஷ்டம்தான்" என்று முணுமுணுத்து, நிறையாத குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பலகார வேலை இழுப்பதைத்தான் அவள் சொல்கிறாள் என்று அம்மா நினைத்துக்கொண்டாள்.

உங்களில் பலருக்கு இதற்குள் விஷயம் விளங்கியிருக்கும். அவர்கள் பக்கத்தில் பண்டிகைக்குச் சட்டி வைக்கவில்லை என்றால் ஒரே அர்த்தம்தான். அந்த வருடம் வீட்டில் சாவு. சாவு விழுந்த வீட்டில் எண்ணெய் காயக்கூடாது. அம்மாவும் அதே ஊர்த் தமிழ்தான் பேசினாள், ஆனால் எங்கள் கோயில்காரர்களிடம் அந்தச் சொல்லுக்கு அந்த அர்த்தம் எப்போதோ உதிர்ந்துபோயிருந்தது. ஸ்டார் இல்லாத வாசலையும் சுண்ணாம்பு காணாத சுவரையும் பார்த்த எதிர்சாரிக்குச் சந்தேகமே இல்லை. இருமிக்கொண்டிருந்த கடலோரத்துப் பெரியவர் போய்விட்டார்!

கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் மத்தியானம். அப்பா டியூட்டியில் இருந்தார். அம்மா தலைக்குக் குளித்துவிட்டு முடியை விரித்துப் போட்டுக்கொண்டு, வெற்றிலையில் மிளகு வைத்து மென்றுகொண்டிருந்தாள். எதிர்வீட்டம்மாவும் அவளுடைய மாமியாரும், பின்னால் இன்னும் சில பெண்களும் தெருவைக் கடந்து வந்தார்கள். யார் தலையிலும் பூ இல்லை. எங்கள் வாசற்படியில் அவர்கள் நிற்கவில்லை, தாண்டி நேராக உள்ளே வந்தார்கள். துக்க வீட்டுக்கு யாரும் அழைப்புக்காகக் காத்திருப்பதில்லை அல்லவா. மாமியார் அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ராகத்தோடு ஆரம்பித்தாள்.

"தூணு சாஞ்சிபோச்சே... உன் வூடு இருண்டுபோச்சே..."

அம்மாவுக்கு முகத்தில் ரத்தமே இல்லை. தண்டவாள வேலைக்குப் போன புருஷன். வெளியிலிருந்து வந்து கட்டிக்கொண்டு அழுகிற பெண்கள். அவள் வேறென்ன நினைப்பாள்?

"ஐயோ, அவுருக்கு இன்னா ஆச்சி? ரயில்லயா?"

எதிர்வீட்டம்மா மூக்கைச் சிந்திக்கொண்டே, "ரயில்லயா? ஆஸ்பத்திரிலன்னு இல்ல நெனச்சோம்" என்றாள்.

"ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு பூட்டாங்களா!" என்று அம்மா போட்ட அலறல் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. அவள் அழுததும் நாங்கள் அழுதோம், நாங்கள் அழுததைப் பார்த்து வந்தவர்கள் இன்னும் அழுதார்கள். மாமியார் ஒப்பாரியை இன்னொரு படி ஏற்றினாள். அம்மா மார்பில் அடித்துக்கொண்டு, நெஞ்சிலிருந்து வருகிற குரல் அத்தனையையும் கொட்டிக் கதறினாள்.

அப்போது வாசலில் ஒரு இருமல்.

ஒரு கையில் சவுக்குக் கிளையும் மறு கையில் மீன் கூடையுமாகத் தாத்தா நின்றுகொண்டிருந்தார். "இன்னா கூட்டம்? யாரு பூட்டாங்க?" என்றார்.

மாமியார் பாதி வரியில் நிறுத்தினாள். கொஞ்ச நேரம் அவரையே உற்றுப் பார்த்தாள்.

"நீதான்யா!" என்றாள்.

யார் முதலில் சிரித்தார்கள் என்று எனக்கு நினைவில்லை. தாத்தாவாகத்தான் இருக்க வேண்டும். தனக்காக ஊர் அழுகிறதைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்கிறது என்று அவருக்கு ஒரே சந்தோஷம். "மீதியையும் பாடிடு, தாயே. பாதியில வுட்டா எனக்குப் போற எடத்துல மரியாத இருக்காது" என்று கூடையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தே விட்டார். சட்டியின் கதையும் பாட்டின் கதையும் விளங்கியதும் எதிர்வீட்டம்மா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். அப்படியே எங்கள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தண்ணீர் கேட்டாள். நான் டம்ளரில் கொண்டுவந்தேன். அண்ணாந்து ஊற்றிக்கொள்ளாமல் வாய் வைத்தே குடித்தாள். அம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அதற்குள் அப்பா வந்துவிட்டார். தெருமுனையில் வரும்போதே வீட்டில் கூட்டத்தைப் பார்த்து, சைக்கிளைப் போட்ட இடத்தில் போட்டுவிட்டு ஓடிவந்திருக்கிறார். உள்ளே வந்தவர் கண் முதலில் தேடியது அம்மாவைத்தான். அவளைப் பார்த்த பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. அப்போது அவர் முகத்தில் இருந்ததை அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை. அம்மா அவரைப் பார்த்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள்.

குரல் இல்லை. போன வருடம் வந்த அதே காற்று.

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் அடங்கிவிட்டார்கள். அம்மா தொண்டையைப் பிடித்துக்கொண்டு மறுபடி மறுபடி முயன்றாள். புகைக்குத் தப்பித்த தொண்டையைக் கதறல் வாங்கிக்கொண்டுவிட்டது. அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. இதுதான் கடைசி என்று வாத்தியார் சொன்னது எங்கள் எல்லாருக்கும் தெரியும். நான் போய் அவள் முதுகில் கன்னத்தை வைத்துக்கொண்டேன், வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

அப்பா, பாவம், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "ஒயுங்கா சட்டிய வெச்சிருந்தா இந்தப் பேஜாரு வந்திருக்குமா? எப்டியும் தொண்ட பூட்ச்சி. ரெண்டு ஈடு முறுக்காவது போட்டுடு" என்றார்.

அம்மா பதில் சொல்ல முடியாமல் தலையை மட்டும் ஆட்டினாள். எதிர்வீட்டம்மாதான் எழுந்தாள்.

"நீ சும்மா இரு தம்பி. இப்போ ஒரு பொட்டு புக அவ தொண்டைல எறங்கக் கூடாது. நாங்க செஞ்ச வென, நாங்களே தீத்து வெக்கிறோம்."

முந்தானையைச் செருகிக்கொண்டு எங்கள் சமையலறைக்குள் போனாள். எங்கள் அடுப்பில், எங்கள் பாத்திரத்தில், மிளகும் மஞ்சளும் பனங்கற்கண்டும் போட்டுப் பால் காய்ச்சினாள். அவள் வீட்டிலிருந்து அதிமதுரக் குச்சி வந்தது. "காலைல அந்தப் பாட்டு வரைக்கும் வாயத் தொறக்காத, தங்கச்சி. பேசினா ஒதைப்பேன்" என்று அம்மாவிடம் கண்டிப்பாகச் சொன்னாள். மாமியார், அவர்கள் கொண்டுவந்து வாசலிலேயே வைத்திருந்த ஒரு கூடையை உள்ளே எடுத்துவரச் சொன்னாள். கூடை நிறைய முறுக்கும் சுழியமும் இருந்தது. சட்டி வைக்காத வீட்டுப் பிள்ளைகள் பண்டிகை நாளில் வெறும் வாயோடு இருக்கக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். தாத்தா உயிரோடு வந்துவிட்டதால் பலகாரத்தைத் திருப்பி எடுத்துப்போய்விடுவார்களோ என்று தம்பிக்கு ஒரே கவலை. ஒரு முறுக்கை எச்சில் பண்ணி வைத்துக்கொண்டான்.

பொழுது சாய்கிற நேரத்தில் அப்பா யாரும் சொல்லாமலே பரணிலிருந்து பழைய ஸ்டாரை எடுத்தார். ஓர் இடத்தில் தாள் கிழிந்திருந்தது, அப்படியே கட்டினார். "உசுரோடதான் கீறோம்னு தெருவுக்குத் தெரியட்டும்" என்றார்.

விடியற்காலை ஆராதனைக்கு எல்லாரும் குளித்துக் கிளம்பினோம். அம்மா அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. குரல் இருக்கிறதா இல்லையா என்று அவளுக்கே தெரியாது. வாத்தியார் பெயரைச் சொன்னதும் எழுந்து முன்னால் போனாள். ஆர்மோனியம் எடுத்துக் கொடுத்தது. முதல் சொல் கரகரவென்று வந்து பாதியில் உடைந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். வாத்தியார் அவளைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுச் சுருதியை ஒரு கட்டை இறக்கினார். அம்மா மறுபடி தொடங்கினாள்.

கடற்கரையில் கேட்ட குரல் அல்ல. அது பளிச்சென்று இருந்தது. இது அடியிலிருந்து, கொஞ்சம் கனத்து வந்தது. முந்தின நாள் புருஷன் போய்விட்டான் என்று நினைத்து அழுத தொண்டை, அவன் கண்ணெதிரே உட்கார்ந்திருக்கப் பாடியது. இரண்டாம் அடிக்குள் அது நிலைத்துவிட்டது. மூன்றாம் அடியில் வாத்தியார் ஆர்மோனியத்தை நிறுத்திவிட்டு அவளைத் தனியே விட்டுவிட்டார். பக்கவாட்டுக் கதவோரம் எதிர்வீட்டம்மா தலையில் முக்காட்டோடு நின்றாள். மருந்து வேலை செய்ததா என்று பார்க்க வந்தாளாம். ஆண்கள் பக்கம் திரும்பினேன். அப்பா கனைக்கவில்லை. வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை போல உட்கார்ந்திருந்தார்.

வெளிச்சம் வந்த பிறகு வீட்டுக்கு நடந்தோம். அப்பா எப்போதும் முன்னால் போகிறவர், அன்றைக்கு அம்மாவோடு சேர்ந்து நடந்தார். தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"இத்தினி வருசமா இந்தக் கொரலு எங்க இருந்துச்சி?"

"அடுப்பாண்டதான் இருந்துச்சி" என்றாள் அம்மா. "நீங்கதான் அந்தப் பக்கம் வரல."

அன்றைக்கு மத்தியானம் அடுப்பைப் பற்றவைத்தது அப்பாதான். சோறு குழைந்துவிட்டது, மீன் குழம்பு உப்பாகக் கரித்தது. தாத்தா உட்பட எல்லாரும் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டோம். அம்மா கூடத்தில் காலை நீட்டிச் சாய்ந்துகொண்டு, யாரும் கேட்காமலே இன்னொரு பாட்டு பாடினாள்.